இருபத்தொன்பது – இருபத்தெட்டு

எட்டுச் சண்டை.
ஏழுக்கு நான் தேவைப்படவில்லை.

ஒன்று நாற்பது வினாடியில் முடிந்தது.
கூண்டுக் கதவைப் பூட்டியவர் நாற்காலிக்குத் திரும்புவதற்குள்
பாகூர்ப் பையன் மல்லாந்து
விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
இன்னொன்றில் கழுத்து இறுகி
எதிராளியின் முதுகில் மூன்று முறை தட்டினான் ஒருத்தன்,
நெரிசலில் கொஞ்சம் நகருங்க என்பவனைப்போல,
அவ்வளவு மரியாதையாக.

இடைவேளையில் குந்தியபடி
ரத்தம் துடைத்துக்கொண்டு வந்த பெண்
என் எதிரே நின்றுவிட்டாள்.
"இங்க மட்டும் போகமாட்டேங்குது மேடம்."

எட்டாவது, ஐம்பத்தாறு கிலோ.
முத்தியால்பேட்டை தனிஸ்லாஸ்.
தேவனாம்பட்டினம் கலைவேந்தன்.
முதல் சுற்று முன்னவனுக்கு, அடுத்தது பின்னவனுக்கு.
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
மூன்றாவதில் தனிஸ்லாஸ் காலை வாரிச் சாய்த்து
மேலே ஏறிப் படுத்தான்.
படுத்தான் என்பதுதான் சரியான சொல்.
நான்கு நிமிடம், நனைந்த கோணி மூட்டை.
கீழே கிடந்தவன் சும்மா இல்லை.
முழங்கையால் மண்டையில் இடித்தான்.
காலைத் தூக்கிக் கழுத்தில் மாட்டினான்.
மாட்டினான் என்றுதான் நினைக்கிறேன்.
அந்த நேரம் பார்த்துக் கூண்டின் கம்பம் மறைத்தது.
எட்டிப் பார்ப்பதற்குள்
வியர்வையில் வழுக்கிப் பிரிந்திருந்தார்கள்.

மேலே கிடப்பது வெற்றியா,
கீழே கிடந்து அடிப்பதா?
விதிப் புத்தகத்தில் விடை இருக்கிறது.
ஜட்ஜ் தேர்வில் அதை எழுதி
எண்பத்தாறு மார்க் வாங்கியவள் நான்.
ஆனால் பார்க்காததற்கு எப்படி மார்க் போடுவது?
சீட்டு வாங்க வந்த பையன் கையை ஆட்டினான்.
உப்பளமே கத்தியது.
பேனா, மேலே கிடந்தவனுக்குப் பத்து போட்டது.

மற்ற இரண்டு ஜட்ஜும் ஆளுக்கொரு பக்கம்.
ரெஃபரி தூக்கிய கை தனிஸ்லாஸுடையது.
தூக்கியது நான்.

கடைசிக் கடலூர் வண்டி. ஜன்னலோர இடம்.
துப்பட்டாவைப் போர்த்திச்
சட்டையில் அச்சடித்திருந்ததை மறைத்துக்கொண்டேன்.
வண்டி நகரும்போது ஓடிவந்து தொற்றினான்.
இடது கண் மூடி, பழுத்த அத்திக்காய்.
"அக்கா, இதக் கொஞ்சம் வெச்சிக்கோங்க."
நின்றுகொண்டு வருகிறவன்
உட்கார்ந்திருப்பவளிடம் கொடுக்கும் பை.
வாங்காமல் இருக்க முடியுமா?

தவளக்குப்பம் தாண்டியதும்
மடியில் ஐஸ் உருகத் தொடங்கியது.
"யார்கிட்டப்பா வாங்கின?" என்றார் கண்டக்டர்.
"வேலைல சார்."
கிருமாம்பாக்கம். கன்னியக்கோயில்.
முள்ளோடையில் ஒயின்ஷாப் வெளிச்சம்
அவனுடைய நல்ல கண்ணில் விழுந்து போயிற்று.

ஆல்பேட்டை சோதனைச்சாவடி.
டார்ச்சோடு ஏறிய போலீஸ்காரர்
"இந்தப் பை யாருது?" என்றார்.
"என்னுது."
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இப்போதுவரை தெரியவில்லை.
ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.
ஈர டிரவுசர். கையுறை இரண்டு.
சோப்பு டப்பாவில் பல்லுறை, கடித்த தடத்தோடு.
பாலித்தீனில் முக்கால்வாசி தண்ணீர்.
முகர்ந்து பார்த்தார். வெறும் தண்ணீர்.
"நீங்களாம்மா சண்டை போட்டீங்க?"
வண்டியே திரும்பிப் பார்த்தது.
"ஆமா சார். தோத்துட்டேன்."
பின்சீட்டில் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் இறங்குமுன் பையை வாங்கிக்கொண்டான்.
"வரேன் மேடம்."
ஏறும்போது அக்கா.

இப்போது மணி ஒன்றரை.
மடியில் ஈரம் இன்னும் காயவில்லை.
கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து
கால்களைத் தூக்கி
காற்றின் கழுத்தில் மாட்டிப் பார்க்கிறேன்.
"என்ன பண்றே?" என்கிறார் உள்ளிருந்து கணவர்.
"தூங்குங்க."

வலது கணுக்கால்
இடது முழங்கால் மடிப்புக்குள்
சரியாகத்தான் போய் உட்கார்கிறது.