குறிப்புரைப் பத்தி

முறப்பநாட்டுப் பாலம், மூன்றாம் தூண்.
மஞ்சள் பெயிண்டில் மீட்டர் கோடுகள்.
காலை எட்டு, மாலை ஆறு,
மழை இறங்கினால் மணிக்கொரு தடவை
டார்ச் அடித்துப் படிப்பேன்.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

மேற்கே இருந்து ஒவ்வொன்றாகச் சேதி வரும்.
சேர்வலாறு பாபநாசத்துக்கு மேலேயே
சத்தமில்லாமல் பெயரைக் கொடுத்துவிடும்.
மணிமுத்தாறு ஷட்டரைத் தூக்கினால்தான் எழும்.
கடனாநதி ராமநதியையும் கூட்டிக்கொண்டு
திருப்புடைமருதூரில் இறங்கும்;
பெயரில்தான் கடன், திருப்பிக் கேட்டதில்லை.
பச்சையாறு வந்தால் உண்டு.
சிற்றாறு குற்றாலத்தில் ஆடின ஆட்டமெல்லாம் ஆடி
வழிநெடுகக் குளங்களுக்குத் தண்டம் கட்டி
சீவலப்பேரியில் மெலிந்து சேரும்.

சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறம்.
அப்புறம் ஒன்று.
என் பேரேட்டில் ஒரே எண்.

மார்கழி பிறந்த வாரம்.
"இங்கே வெறிச்சிட்டு, போய் உறங்கும்மா"
என்றார் பாபநாசத்து உலகநாத பிச்சை.
மேற்கே விட்டது சரி, கிழக்கே விடவில்லையே.
எல்லாரும் சொன்னதைக் கூட்டினேன்,
ஐந்து மீட்டருக்குத்தான் காணும்.
தூணில் எட்டு.

சீவலப்பேரிக்குப் போன் போட்டேன்.
"சொர்ணக்கா, தண்ணி கறுப்பா வருது" என்றான் ஜெபக்கனி.
"கறுப்பான்னா?"
"மை மாதிரி. பருத்திமாரு மிதக்கு.
ஒரு களம் மக்காச்சோளம் அப்படியே போகு."

கறுப்பென்றால் கயத்தாற்றுக் கரிசல்.
உப்போடை.

வருசத்தில் பத்து மாதம் அது ஆட்டுத்தடம்,
சீமைக்கருவை, உடைந்த பாட்டில்.
லாரி திருப்ப அதில்தான் இறக்குவார்கள்.
அதற்கு அணை கிடையாது, கோல் கிடையாது,
போன் பேச ஆள் கிடையாது.
என் படிவத்தில் அதற்கொரு கட்டமும் கிடையாது.

ஒன்றரைக்கு ஒன்பது.
பிறகு மஞ்சளே தெரியவில்லை.
மண்டபத்துப் படிகளை எண்ணத் தொடங்கினேன்.
ஸ்ரீவைகுண்டத்தில் மாசானம் கேட்டான்,
"எத்தனை மீட்டர்?"
"ரெண்டு படி மிச்சம்."
மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டான்.
அதற்குள் அவன் பக்கத்தில் எங்கோ
ஒரு கரை விட்டுப் போகிற சத்தம்
போனிலேயே கேட்டது.

வெள்ளம் வடிந்து, புன்னைக்காயல் வரை
கடல் கறுத்திருந்ததாகச் சொன்னார்கள்.
ஆபீசிலிருந்து கடிதம்:
வரவும் செலவும் உதைக்கிறது,
மிச்சத் தண்ணீர் ஏது?
குறிப்புரைப் பத்தியில் எழுதி அனுப்பினேன்:
உப்போடை வந்தது.
பதில் பத்தே நாளில் வந்தது:
பட்டியலில் அப்பெயர் இல்லை, திருத்தி அனுப்பவும்.

திருத்தவில்லை.

சித்திரையில் ஒரு லீவு நாள்
மீந்த பெயிண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
ஓடைக் கல்பாலத்துச் சுவரில்
பூச்சியம் முதல் நான்கு வரை கோடு போட்டேன்.
ஒரு வெள்ளாடு வந்து நின்று
பூச்சியத்தை நக்கிப் பார்த்தது.
ஈரப் பெயிண்ட், தும்மியது.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
காலை பதினொன்று. நீர்மட்டம் இல்லை.