வேரைக் கழுவிய நாள்

விச்சூரில், கன்டெய்னர் யார்டு சுவருக்கு இந்தப் பக்கம்
குத்தகைக்கு முப்பது சென்ட்.
கத்திரி பதினோரு மணிக்கே தலை தொங்கும்.
சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும்.
"தண்ணி பத்தல" என்றார் ஜம்புலிங்கம்.
"கம்பெனிப் புகைதான்க்கா" என்றான் டில்லிபாபு,
மணலிப் பக்கம் மோவாயைக் காட்டி.
நானும் நம்பினேன்.
இங்கே எது வாடினாலும் புகை பேரில் எழுதிவிடலாம்,
பாதி நேரம் அது உண்மையும்கூட.

ஒரு செடியைப் பிடுங்கி
குடத்துத் தண்ணீரில் வேரைக் கழுவினேன்.
வேரா அது?
காசிமேட்டில் ஓரங்கட்டிய வலை.
முடிச்சு, முடிச்சின்மேல் முடிச்சு.
நகத்தால் ஒன்றைக் கிள்ள
கடுகைவிடச் சிறிதாய், வெள்ளையாய் ஒரு மினுக்கல்.
குடிவந்த நாளிலிருந்து
சமையலறையிலேயே படுத்துக்கொண்டு
தின்று பெருத்தவள்.
வாடகை கிடையாது. முட்டை மட்டும் நூற்றுக்கணக்கில்.

உரக்கடைக்காரர் குருணை மருந்தை முன்னால் நகர்த்தினார்:
"ஒரே போடு. மண்ணுல ஒண்ணு மிஞ்சாது."
அந்த ஒண்ணில் என் மண்புழுவும் இருந்தது,
செருப்பில்லாமல் வரப்பில் ஓடும் சின்னவளின் பாதமும்.

மாதவரத்தில் கொடுத்தது ஒரு கிலோ பாக்கெட்,
முகப்பவுடர் மாதிரி.
சூடோமோனாஸ். வாயில் நுழைய மூன்று நாள் ஆனது.
"உயிரோட இருக்குக்கா, வெயில்ல வைக்காதீங்க"
என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.
பஸ்ஸில் முந்தானைக்குள் மறைத்து வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள், "கருவாடா?"

பால்பண்ணை எருவில் கலந்து
ஈரச்சாக்கு மூடி, நிழலில் பதினைந்து நாள்.
கோடிக்கணக்கில் பெருகுமாம்.
சாக்கை விலக்கி விலக்கிப் பார்த்தேன்.
எரு, எருவாகத்தான் இருந்தது.
இருந்தாலும் குழிக்கு ஒரு கை போட்டேன்,
நாற்றின் வேரையும் கரைசலில் முக்கி நட்டேன்.

கொல்வது கொஞ்சம்தானாம்.
புழு வருமுன்னே வேர் நெடுக
கர்ச்சீப் போட்டு இடம் பிடித்துவிடுமாம்,
செடியையும் உசுப்பி வைக்குமாம்.
ஐம்பத்தாறு சி-யில் சீட் பிடித்தவளுக்கு
இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

தை கடைசியில் மனசில்லாமல் ஒன்றைப் பிடுங்கினேன்.
முடிச்சு இருந்தது. ஆறு, ஏழு.
போன தடவை எண்ணவே முடியவில்லை.
நடுநடுவே வெள்ளை வேர், நூல் நூலாய்.
உச்சிவெயில். மற்ற செடிகள் நின்றுகொண்டிருந்தன.

"எல்லாம் செத்துச்சா?" என்றான் டில்லிபாபு.
"இல்ல. கம்மியாயிருக்கு."
அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.
எனக்கும்தான், முதல் இரண்டு நாள்.

வரப்போரம் செண்டுமல்லி விதைத்திருக்கிறேன்.
அதன் வேரும் புழுவுக்கு ஆகாதாம்.
மணலிப் புகை இருந்த இடத்திலேயே இருக்கிறது,
அதற்கு இன்னும் பாக்கெட் வரவில்லை.
பதினெட்டு கிலோ கத்திரிக்காய்.
மூலக்கடை ஆட்டோ லேட்.