சேஸி நம்பர்

இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
பாடாங் செராய் பழைய இரும்புக்கடையில்
ஆ ஹோக் பணத்தை எண்ணாமலே பையில் போட்டபோது
எனக்குத் தெரிந்துவிட்டது.
ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட பிக்கப்.
பின்தட்டில் மக்கிய சருகு, நடுவில்
முழங்கால் உயரத்துக்கு ஒரு செம்பனைக் கன்று.
'தோட்டத்துல பாதி கூடவே வருது' என்றார் சர்க்குணன்.
வாசலில் இறக்கியதும் முதல் வேலையாக
அதைப் பிடுங்கி எறிந்தேன்.

என் கொடிக்கயிறு வேலியோரம் போனது.
கையுறை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நான் வந்து படுக்கிற நேரம் பார்த்து
அவர் சுரண்ட ஆரம்பிப்பார்.
பச்சைக்கு அடியில் பச்சை,
அதற்கடியில் கொஞ்சம் வேறு பச்சை,
பிறகு துரு,
துருவைத் தட்டினால் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை.
இத்தனை நாள் துருவேதான் தகடாக இருந்து
ஆட்களைச் சுமந்திருக்கிறது.

கதவில் விரல் நுழையும் ஓட்டை.
காட்டுக்குள்ளிருந்து சுட்டது என்றார் எதிர்வீட்டு மரியதாஸ்.
எல்லையில், என்றான் மீன்காரன்.
ஞாயிறு தவறாமல் யாராவது வந்து
விரலை விட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.
சுரண்டச் சுரண்ட இன்னும் மூன்று ஓட்டை,
சதுரமாக, அளவெடுத்த மாதிரி.
பக்கக் கண்ணாடியை முடுக்கிய இடம்.
அதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

மைலோ டின்னில் நட்டு, நெத்திலி டப்பாவில் வாஷர்,
சாப்பாட்டு மேசையில் கார்புரேட்டர்.
ஒரு போல்ட்டு மட்டும் நாலு நாள் அசையவில்லை.
டீசல் ஊற்றினார், கோலா ஊற்றினார்,
அதன் தாயைப் பற்றிப் பேசினார்.
ஐந்தாம் நாள் நான் ஸ்பானரில் ஏறி நின்றேன்.
எழுபத்தெட்டுக் கிலோவுக்கு
அன்றைக்குத்தான் ஒரு மரியாதை.

ஜே.பி.ஜே. கவுண்டரில் அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று:
'சேஸி நம்பர்?'
தாளில் இருப்பது இருக்கட்டும், வண்டியில் இருப்பது.

சர்க்குணனுக்கு வரிசை புதிதல்ல.
சொந்தப் பேனா, பசை, இரண்டு அளவில் படம்,
மத்தியானத்துக்கு ரொட்டி.
மூன்றாம் பிரிவு லயத்தில் பிறந்தவர்;
பதியப் போக வேண்டியவர் அன்று மழை என்று போகவில்லை.
மழை விட்டபோது தேதி போயிருந்தது.
முப்பத்தொரு வருடமாகச் சிவப்பு அட்டை.
மூன்றாம் பிரிவும் இப்போது இல்லை,
அங்கே ஒரு பேரங்காடியின் கார் நிறுத்தம்.

அன்றிரவு லீவு போட்டேன்.
அவர் வண்டிக்கடியில் மல்லாந்து
மண்ணெண்ணெய்த் துணியால் சட்டத்தைத் தேய்க்க
நான் டார்ச் பிடித்தேன்.
சாக்பீஸைப் பொடித்துப் பூசியதும்
ஒவ்வொன்றாக எழும்பி வந்தன எண்கள்.
நாலாவது மூன்றா, எட்டா?
மூன்று என்றேன். எட்டு என்றார்.
'சந்தேகமா எதையும் கவுண்டர்ல வைக்கக்கூடாது புள்ள.'
தாளை ஒட்டிவைத்துப் பென்சிலால் தேய்த்தார்,
சளி பிடித்த குழந்தைக்குத்
தைலம் தேய்க்கிற கையோடு.
எட்டுதான்.

என்ன நிறம் என்று கேட்டான் பெயிண்ட் கடைப் பையன்.
நான் பழைய பச்சையையே நினைத்திருந்தேன்.
'நீலம்' என்றார்.
பையன் ஏழெட்டு நீலம் காட்டினான்.
என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி
ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்தார்.

பதினோரு மாதத்தில் நம்பர் வந்தது.
முதல் முறை என்னை ஆலைக்கு ஏற்றிப் போன இரவு
லூனாஸ் முச்சந்தியில் ரோட்பிளாக்.
வெளிச்சம் முகத்தில் விழும் முன்பே
வண்டியின் தாளை நீட்டிவிட்டார்,
இரண்டு கையாலும்.
மற்றதை எடுக்கப் பைக்குள் போன விரல்
அங்கேயே நின்றது.
போலீஸ்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நாலு ஓட்டையில் ஒன்றை மட்டும்
அடைக்காமல் விட்டிருந்தோம்.
'இது துப்பாக்கிக் குண்டா?'
சர்க்குணன் என்னைப் பார்த்தார்.
'ஆமாம்' என்றேன்.