ஆறாவது அடுக்கு

தளி சாலையை விட்டிறங்கி
இரண்டு கேழ்வரகுக் கொல்லை தாண்டினால்
ஒரு பாறை.
எந்தப் பட்டியலிலும் அதற்குப் பெயர் இல்லை.
"மழைக்கு ஒதுங்குற கல்லு" என்பார் திம்மராயன்,
தினக்கூலிக்கு யானை விரட்டுகிறவர்.
நான் பிளாஸ்டிக் தாளும் மார்க்கர் பேனாவுமாய்
கல்லில் இருப்பதைப் படியெடுக்க வந்தவள்.
இரண்டு மாதமாயிற்று.
இரண்டு பேருக்கும் சம்பளம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு.
ஒரு காட்டெருது.
கொம்பிலிருந்து தொடங்கியிருக்கிறது கை:
அங்கே நிறம் கெட்டி,
வாலுக்கு வருவதற்குள் வறண்டுவிட்டது.
வயிற்றை யாரும் வரையவில்லை.
பாறையின் புடைப்பே வயிறு.
எருது ஏற்கெனவே அங்கே நின்றிருக்கிறது,
வந்தவர் கொம்பை மட்டும் கொடுத்திருக்கிறார்.

ஆள் இல்லை அந்தப் படத்தில்.
பயமா, கூச்சமா என்று கேட்டேன்.
திம்மராயன் ஃபோனை நீட்டினார்:
"பத்து வருஷமா விரட்டுறேன்.
பாருங்க, எல்லாம் யானைதான்.
நான் எதுலயாவது இருக்கேனா?"

அதன் மேல் வெள்ளையில் மான்கள்.
ஒன்றுக்கு ஆறு கால்.
பிழை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
"ஓடுதுங்க. ஓடுற மானுக்கு
யாரு காலை எண்ணுவா?"
பிழையை அடித்துவிட்டேன்.
மான்களுக்குப் பக்கத்தில், மானைவிடச் சின்னதாய்,
முகமில்லாத ஒருவன்.
கை மட்டும் பெரிது.

பிறகு வந்தவன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.
குதிரையா கழுதையா தெரியாது.
கழுத்து ஒரே இழுப்பு, கண் கிடையாது.
அவனுடைய வேலோ
விலங்கைவிட நீளம்.

அதற்கும் பிறகு, பாறையின் வலது ஓரத்தில்
நிற்கும் கோடு நாலு, படுத்த கோடு ஒன்று.
நிற்கும் கோடு நாலு, படுத்த கோடு ஒன்று.
மாடா? மாடுகளின் கணக்கா?
ராயக்கோட்டை மண்டியில்
தக்காளிக் கூடையை இப்படித்தான் குறிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நீல பெயின்ட்டில்
முனிராஜ் இதயம் சில்பா.
இதயத்துக்குள் சுண்ணாம்பில் 17,
குவாரிக்காரர்கள் அளந்துவிட்டுப் போன எண்.
எருதின் கொம்பில் தொடங்கியது
இங்கே வந்து நிற்கிறது என்று
அறிக்கையின் கடைசி வரியை
அன்று சாயங்காலமே யோசித்து வைத்திருந்தேன்.

கார்த்திகைப் பனி. இரவு இரண்டு மணி இருக்கும்.
பரணில் திம்மராயன் என் டார்ச்சைப் பிடுங்கி அணைத்தார்.
கீழே கதிரோடு வேரைப் பிடுங்கி
மண் போகக் காலில் அடிக்கும் சத்தம்.
டப். டப்.
துணி துவைப்பதுபோல் அவசரமில்லாமல்.
வெடி அவர் மடியிலேயே இருந்தது.
குட்டி இருக்கு, கொஞ்சம் பொறுங்க என்றார்.
பொறுத்தோம்.
கொல்லைக்காரர் நாளைக்கு எங்களைத்தான் திட்டுவார்.

விடிந்து போய்ப் பார்த்தால்
பாறையில் ஈரச் சேறு.
என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் தொடங்கி
எருது, குதிரைக்காரன், முனிராஜ், 17
எல்லாவற்றின் மேலும்
ஒரே அகலமாய் இழுத்த இழுப்பு.
அரிப்புக்கு உரசியிருக்கிறது, வேறொன்றுமில்லை.
சேற்றில் கம்பிபோல் இரண்டு மயிர்.
பாறைப் புடைப்பு உரசியது
அதன் வயிற்றில்தான் இருக்கும்.

திம்மராயன் படிவத்தை நிரப்பினார்.
பயிர்ச் சேதம்: அரை ஏக்கர்.
ஆள் சேதம்: இல்லை.
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்,
"கல்லுக்கு என்னங்க போடறது?"

கழுவித் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.
விதிப்படி அதுதான் சரி.
நான் புதுத் தாளை விரித்து
சேற்றின் ஓரத்தைச் சுற்றி வரைந்தேன்.
தாள் போதவில்லை,
இன்னொன்று ஒட்டினேன்.
அடுக்கு: ஆறு.
காலம்: நேற்று.
நிறம்: ஏரி மண்.
வரைந்தவர் என்ற இடத்தில்
எதுவும் எழுத வரவில்லை.

வெயில் ஏற ஏற
சேறு வெளுத்து, வெடித்து,
மேல் ஓரத்திலிருந்து உதிரத் தொடங்கியது.
முதலில் தெரிந்தது
கொம்பு.