படத்தில் விழாதவர்

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல்
பாடாங் செராயில், தியோ கிளினிக்கின் இரும்புக் கதவைப்
பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தேன்.
பங்குச்சாமி மைவி காரில் வந்தார்.
பின்சீட்டில் பெல்ட் மாட்டி
குளிக்கிற துண்டில் சுற்றிய எலும்புப் பேழை.

ரொட்டிப் பெட்டி அளவுதான்.
அறுநூறு வயதாம். வெனிஸ் பக்கத்து மாட்டெலும்பாம்.
பினாங்கிலிருந்து வந்து பார்த்த மேடம்
பூச்சி அரித்திருக்கிறதா, ஆணி எத்தனை,
படம் எடுத்து அனுப்பச் சொன்னாராம்.
“எக்ஸ்ரே நோயாளிக்குத்தானே சாமி?”
“இதுவும் நடக்க முடியாத கிழம்தாம்மா.”

பெயர் இல்லாமல் மெஷின் படம் எடுக்காது.
‘பேழை’ என்று தட்டினேன்.
பிறந்த தேதி கேட்டது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கீழே அது இறங்க மறுத்தது.
பால்: தெரியவில்லை.
பச்சைப்பிள்ளை மணிக்கட்டுக்கு வைக்கிற அளவு வைத்து
விளக்கைப் போட்டேன்.
சிலுவையாய் நிழல் விழுந்தது மூடியின் மேல்.
சாமி நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.
குறி பார்க்கிற விளக்கு சாமி அது,
லாரியில் அடிபட்டவன் முழங்கால் மேலும்
அப்படித்தான் விழும்.

சம்மனசு ஒரு பட்டையில் மண்டியிட,
மாதா அடுத்ததில், படித்த பக்கம் தவறாமல்
புத்தகத்துக்குள் விரல் வைத்திருந்தாள்.
மூன்று அரசருக்கும் ஒரே முகம், ஒரே உளியின் அவசரம்.
தொழுவத்தில் ஒரு மாடு.
மாட்டெலும்பில் செதுக்கிய மாடு,
எங்கேயோ பார்த்த முகம்போல
பிள்ளையை எட்டிப் பார்க்கிறது.
கோடியில் சூசையப்பர், கன்னத்தில் கை,
தூக்கமா யோசனையா தெரியவில்லை.

திரையில் எலும்பெல்லாம் எலும்பாய் வெளுத்தது.
மாதா வெள்ளை. சம்மனசு வெள்ளை.
பிள்ளை ஒரு பால்பல் அளவுக்கு வெள்ளை.
சூசையப்பர் நின்ற இடத்தில் யாருமில்லை.
இரண்டு ஆணி மட்டும்,
மங்குக் கம்பியை நறுக்கி அடித்த மாதிரி கோணலாய்.
நடுவே, கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தால்,
மெல்ல ஓடுகிற ரேகை.

“மரம்,” என்றேன்.
சாமி பேழையைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றி,
நகத்தால் சுரண்டப்போய் நிறுத்திக்கொண்டார்.
“பால்மரம்மா.”
என்றோ உதிர்ந்த பட்டைக்குப் பதில்
லயத்து ஆள் ஒருத்தர் செதுக்கித்
தேத்தண்ணியில் ஊறவைத்து நிறம் ஏற்றியிருக்கிறார்.
யார், எந்த வருஷம், கோயில் ஏட்டில் ஒரு வரி இல்லை.
அரசர்கள் மூக்கெல்லாம் கூராய் இருக்க
இவர் மூக்குதான் மழுங்கிக் கிடந்தது.
வேலை போனவர்கள், வயிறு திறக்காதவர்கள்
தொட்டுத் தொட்டு.

“போலின்னு எழுதிடுவாங்களோ?”

என் சூராட் பெரானாக்கில்
தகப்பன் பெயர் வரும் கட்டத்தில்
தகவல் இல்லை என்று மலாயில் அச்சடித்திருக்கும்.
அந்தக் கட்டத்துக்கு வெளியே
செம்பனை லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓர் ஆள் நின்றார்.
பள்ளிக்கூட பாரத்தில் அவர் போட்ட கையெழுத்தும்
கட்டத்துக்குள் நிற்காது.
ம. தைரியநாதன். கடைசி ‘ன்’ எப்போதும் அடுத்த வரியில்.

போன தீபாவளி லீவில் இடுப்பொடிந்து
இதே மேசையில் படுத்தார்.
அப்பாவின் எலும்பைத் திரையில் அன்றுதான் பார்த்தேன்.
குட்டையான, அகன்ற, லாரி சீட்டுக்கே வார்த்த எலும்பு.
என்னுடையதுபோல் ஒரு வளைவுகூட இல்லை.
டாக்டர் தியோ “போதும்” என்கிறவரை
மூடாமல் வைத்திருந்தேன்.

மெஷினில் ‘அந்நியப் பொருள்’ என்று ஒரு பட்டன் உண்டு.
காசு விழுங்கிய பிள்ளைகளுக்கு அழுத்துவோம்.
விரல் அதற்கு மேலே கொஞ்ச நேரம் இருந்தது.

எழுதினேன்: பூச்சி இல்லை. உள்ளே காலி.
ஆணி பதினேழு.
ஏழாம் பட்டை மரம். ஆட்டம் இல்லை.

சாமி ஐம்பது வெள்ளி நீட்டினார்.
சில்லறை இல்லை, அடுத்த வாரம் என்றேன்.
பின்சீட்டில் பெல்ட்டை இழுக்கையில்
பட்டை சரியாய் அவர் முகத்தின் மேல் வந்தது.
கொஞ்சம் திருப்பி வையுங்கள் சாமி, என்றேன்,
மூக்கில் அழுத்தாமல்.