பின்னால், இடது பக்கம்

பல்லடத்துப் போர்த் தண்ணீருக்கு உப்பு அதிகம்.
வெயிலில் காயவிட்டால் சக்கரத்தில்
புள்ளி புள்ளியாய் வெள்ளை படிந்துவிடும்.
அதனால் முதலில் நிழல்.
ஓடிவந்த வண்டிக்கு அரைமணி நேரம்.
சக்கரத்தின் முன்னே புறங்கையை நீட்டுவேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல, தொடாமல்.
'சித்தெ சீக்கிரமுங்க, ஊட்டுல ஒறம்பறை வந்திருக்குது' என்பார்கள்.
சூட்டோடு தண்ணீர் அடித்தால் டிஸ்க் கோணும்
என்றெல்லாம் விளக்குவதில்லை.
டீக்கடையைக் கைகாட்டுவேன்.

இரும்புச் சக்கரமென்றால் வெசனமில்லை.
கோழிப்பண்ணை வேனின் கப்பைக் கழற்றினால்
உள்ளே தவிடும் இறகும்.
சோப்பு, பிரஷ்,
உதிர்ந்த இடத்தில் ஒரு கை சில்வர் பெயின்ட்.

வார்னிஷ் ஏறிய அலாய்க்கு மெத்தென்ற துணி வேண்டும்.
அதுவும் கதவுக்கு வைத்திருக்கும் துணி ஆகாது;
பிரேக் தூள் ஏறிய துணி
பாடியில் வட்ட வட்டமாய்க் கோடு கிழித்துவிடும்.
குரோமை முகம் பார்த்துக்கொண்டே துடைக்கலாம்.
துருப்புள்ளி இருந்தால்
பார்சல் கட்டும் அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தால் போகும்.
மேட் கறுப்பு மட்டும் மெழுகைக் கண்டால் முறைக்கும்.
பளபளப்புதான் அதற்கு அழுக்கு.
ஒருதரம் திருமூர்த்தி ஆசையாய்ப் பாலிஷ் போட்டுவிட்டான்.
நாலும் எண்ணெய் வழியும் முகமாயின.
அன்றைக்குக் கூலி இல்லை அவனுக்கு.

எதுவும் பூசாத வெறும் அலுமினியம் அபூர்வம்.
பஞ்சுக் கழிவு யாவாரம் அவிநாசியப்பனின் வண்டியில் இருந்தது.
வாங்கிய புதிது.
நோம்பிக்கு முதல் நாள்.
பதினோரு வண்டி வரிசையில் நிற்க
டைல்ஸ் கழுவும் ஆசிட்டை எடுத்தேன்.
ஒரே ஒரு சக்கரம். பின்னால், இடது பக்கம்.
நுரைத்தது.
தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்
கண்ணில் பூ விழுந்ததுபோல
உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் வெண்மை.

சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஆறு வருசம்.
மாதம் இரண்டு தரம் வருவார்.
மற்ற மூன்றுக்கும் பத்து நிமிடம்,
அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம்.
வெள்ளைப் பேஸ்ட், பனியன் வேஸ்ட், கட்டைவிரல்.
தேய்க்கத் தேய்க்க ஓரங்கள் தெளிந்தன,
நடு தெளியவில்லை.
'அந்தச் சக்கரத்து மேல அப்படி என்னப்பா பாசம் உனக்கு?'
என்று சிரித்து, இருபது ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

போன தை மாதம் அந்த வண்டியை
வேறொருவர் ஓட்டிவந்தார்.
'காங்கேயத்துல வாங்கினது. ரெண்டு வாரந்தான் ஆச்சு.'
ஒரு சுற்று வந்தவர்
பின்னால், இடது பக்கம் குந்தினார்.
நகத்தால் சுரண்டினார்.
'எந்த மடையனுங்க இதை இப்படிப் பண்ணுனது?'

'நான்தானுங்க.'

தொடையில் தட்டிச் சிரித்தார்.
நல்ல தமாஷ் என்று நினைத்திருக்க வேண்டும்.
வாஷ் எவ்வளவு, உள்ளேயும் வேக்வம் போடுவீங்களா
என்று கேட்டார்.

சொன்னேன்.
'அரைமணி நேரம் ஆகுமுங்க.
சூடு இன்னும் ஆறலை.'