நான்கு மடங்கு போதும்

"என்ன வேட்டை மேடம்? பன்றியா, மானா?"
போனில் கேட்டார் பெங்களூர்க் கடைக்காரர்.
தொலைவை மட்டும் சொன்னேன்:
முப்பது மீட்டர். சில நாள் இருபது.

"பன்னிரண்டு மடங்கு எடுத்துக்கோங்க,
எறும்பு மீசை தெரியும்."
எனக்கு எறும்பு வேண்டாம்.
இரவல் வாங்கிய பன்னிரண்டில் ஒருமுறை பார்த்தேன்:
வட்டம் முழுக்கச் சாம்பல்.
பின்தொடையா, விலாவா, பாறையா,
சொல்ல முடியவில்லை.
தோல் மடிப்பில் காய்ந்த ஏரிச்சேறு மட்டும்
அவ்வளவு துல்லியம்.
கூடவே என் கைநடுக்கமும்
பன்னிரண்டு மடங்கு.

ஜவளகிரிக் காட்டிலிருந்து ராகிக்கு இறங்கும் கொம்பன்
ஆறரைக்குத்தான் வரப்பில் கால் வைக்கிறான்.
கடைசிக் கால்மணி வெளிச்சம்.
அதற்குள் மயக்க ஊசி ஏறாவிட்டால்
விடியும்வரை அவன் ராஜ்ஜியம்.
எனவே முன்கண்ணாடி அகலமாக இருக்கட்டும்,
இருட்டிடம் கொஞ்சம் கடன் வாங்கித் தர.
உருப்பெருக்கம் ஒன்றில் தொடங்கி நான்கில் முடியட்டும்.

ஒன்று எதற்கு என்றால்,
போன ஐப்பசி, அஞ்செட்டிப் பக்கம்,
ஆறு மடங்கில் ஒருவனை அளந்துகொண்டிருந்தேன்.
டிரைவர் திம்மராயன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.
விழுந்த பிறகுதான் பார்த்தேன்,
வட்டத்துக்கு இடப்புறம்
தந்தமில்லாத இன்னொருவன்.
அவனைப் பார்க்கக் கண்ணாடியே தேவைப்படவில்லை.

மலிவானது எட்டாயிரத்துக்கே கிடைக்கிறது.
தளியில் ஒரு மார்கழி அதை நம்பிப் போனேன்.
ரோஜாக் குடில்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரம்
கண்ணாடிக்குள் பனி இறங்கிவிட்டது,
துடைக்க முடியாத பக்கத்தில்.
நான் சட்டை முனையால் தேய்த்துக்கொண்டிருக்க
அவன் அரை ஏக்கர் முட்டைக்கோஸை
நிதானமாக முடித்துவிட்டுப் போனான்.
உள்ளே நைட்ரஜன் அடைத்ததா என்பதுதான்
அதன்பிறகு என் முதல் கேள்வி.

உதை தாங்கும் உறுதிக்கு இரட்டை விலை சொல்கிறார்கள்.
எங்கள் துப்பாக்கி உதைக்காது. இருமும்.
வாயு தள்ள, ஊசி சோம்பேறியாகப் பறந்து
வழியிலேயே தலை கவிழும்.
எவ்வளவு கவிழும் என்று சொல்ல
குறுக்குக்கோட்டுக்குக் கீழே இரண்டு சிறு கோடுகள்;
அதற்குக் காசு கொடுக்கலாம்.
ரேஞ்சு ஆபீஸ் பின்னால் பழைய பஞ்சு மெத்தையைச் சாய்த்து
வெறும் தண்ணீர் ஊசியில்
அந்தக் கோடுகளோடு பழக வேண்டும்.
போனமுறை மெத்தை இரண்டு வாரம் காயவில்லை.

இருபத்திரண்டாயிரம்; ஒரு ரூபாய் கூடினாலும்
கோப்பு தர்மபுரிக்குப் போகும் என்றார் நாகவேணி.
தர்மபுரி போன கோப்பை எனக்குத் தெரியும்:
ராகி அறுத்து, தாளும் மாட்டுக்குப் போட்டுத் தீர்ந்தபின் வரும்.
மூன்று விலைப்புள்ளி வாங்கினோம்.
மூன்றிலும் ஒரே தலைப்பு: வேட்டைத் தொலைநோக்கி.
"வனத்துறையே வேட்டைக்கு வாங்குச்சுன்னு
ஆடிட்ல எழுதுவாங்களே?"
பேனா முனையைக் கடித்தபடி யோசித்தார்.
இருப்புப் பதிவேட்டில் இப்போது அது
காய்ச்சல்மானிக்கும் குளம்பு ராவும் அரத்துக்கும் நடுவே:
மருத்துவக் கருவி, ஒன்று.

நேற்று வந்தது.
துப்பாக்கியில் இன்னும் மாட்டவில்லை.
சாயங்காலம் தேன்கனிக்கோட்டை ஆபீஸ் மாடியில்
வெறும் கையில் பிடித்துப் பார்த்தேன்.
நான்கு மடங்கில் ஒரு ராகிக் கொல்லை,
புளியமரத்துப் பரண்,
துண்டு போர்த்திய ஒருவர்.
முகம் தெரியவில்லை.
பீடி நெருப்பு ஒருமுறை சிவந்து அடங்கியது.
விழித்திருக்கிறார்.